பிடித்த மீனும் பிடிபடாத கணக்கும்

2019ஆம் ஆண்டில் இந்தியாவின் கடலோர மாநிலங்களிலேயே அதிகமாக மீன் பிடித்தது தமிழ்நாடு. மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி அந்த ஆண்டு தமிழகக் கரைகளில் வந்து இறங்கிய மீன் ஏறத்தாழ 7.75 லட்சம் டன். குஜராத்தே அந்த ஆண்டு இரண்டாம் இடத்துக்குப் போனது. ஆனால் தாமிரபரணி கடலில் கலக்கும் புன்னைக்காயலிலோ, வடக்கே தூத்துக்குடியிலோ, தெற்கே மணப்பாட்டிலோ மீனவர்களிடம் கேட்டால், வருஷத்துக்கு வருஷம் மீன்பாடு குறைந்துகொண்டே வருகிறது என்பார்கள். ஆற்றோரமாக உள்ளே தள்ளியிருக்கும் ஏரல் போன்ற சந்தை ஊர்களில் மீன் வாங்குகிறவர்களுக்கும் இந்தப் பேச்சு புதிதல்ல. மீன் சிறுத்துப்போனது, விலை ஏறிப்போனது என்பது அவர்கள் பக்கத்து வடிவம்.

புள்ளிவிவரம் ஒன்று சொல்கிறது, கடற்கரை வேறொன்று சொல்கிறது. இதில் யாரோ ஒருவர் பொய் சொல்ல வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இரண்டும் ஒரே சமயத்தில் உண்மையாக இருக்க முடியும். கரைக்கு வந்த மீனின் எடையை மட்டும் வைத்துக்கொண்டு கடலில் எஞ்சியிருக்கும் மீனைப் பற்றி எதையும் தீர்மானிக்க முடியாது என்பது மீன்வள அறிவியலின் அரிச்சுவடி. அப்படியானால் எதை வைத்துத் தீர்மானிப்பது? கண்ணுக்குத் தெரியாத, ஓரிடத்தில் நிற்காத, ஒன்றையொன்று தின்றுகொண்டிருக்கும் ஓர் உயிர்க்கூட்டத்தை எப்படி எண்ணுவது?

முதலில் அந்த 7.75 லட்சம் டன் எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். அதை யாரும் தராசில் நிறுத்துப் பார்க்கவில்லை. தமிழகக் கடற்கரை ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் நீளம். மீன் இறங்கு தளங்கள் நூற்றுக்கணக்கில். எல்லா இடத்திலும் எல்லா நாளும் ஆள் நிற்க முடியாது. எனவே மாதிரி எடுத்து மொத்தத்தைக் கணிக்கிறார்கள். 1947 பிப்ரவரியில் தொடங்கப்பட்டு, மண்டபத்தில் இயங்கி, பிற்பாடு கொச்சிக்கு இடம் மாறிய மேற்கண்ட நிறுவனம் இதற்கென ஒரு முறையைப் பல பத்தாண்டுகளாகக் கையாண்டு வருகிறது. கடற்கரை பல மண்டலங்களாகவும், மாதம் பத்துப் பத்து நாட்களாக மூன்று பகுதிகளாகவும் பிரிக்கப்படும். எந்தத் தளத்துக்கு எந்த நாளில் போவது என்பதைச் சீட்டுக் குலுக்குவது போன்ற தற்செயல் தேர்வு தீர்மானிக்கும். பணியாளர் முதல் நாள் நண்பகல் 12 மணி முதல் மாலை 6 மணி வரை நிற்பார். மறுநாள் காலை 6 முதல் நண்பகல் வரை நிற்பார். இடையில் இரவில் வந்த படகுகளைப் பற்றி விசாரித்து எழுதுவார். படகுகள் கொஞ்சமாக இருந்தால் எல்லாவற்றையும், அதிகமாக இருந்தால் குறிப்பிட்ட இடைவெளியில் ஒன்றைப் பொறுக்கியும் பதிவு செய்வார். என்ன வலை, எத்தனை மணி நேரம் வலைத்தார்கள், எந்த மீன் எவ்வளவு, அதன் நீளம் என்ன என்பதெல்லாம் பதிவாகும்.

தற்செயல் தேர்வில்தான் இந்த முறையின் உயிர் இருக்கிறது. பணியாளரின் விருப்பத்துக்கு விட்டால் அவர் பெரிய துறைமுகத்துக்கு, நல்ல மீன்பாடு உள்ள நாளில்தான் போவார். அது மனித இயல்பு. அப்புறம் கணக்கு எப்போதும் கொழுத்தே தெரியும். எந்தத் தளமும் எந்த நாளும் தேர்வாகலாம் என்ற நிலை இருக்கும்போது, மதிப்பீட்டில் எவ்வளவு பிழை இருக்கக்கூடும் என்பதையும் சேர்த்தே கணக்கிட்டுவிட முடிகிறது. மொத்தத்தை எண்ணாமலே மொத்தத்தை அறியும் வழி இது.

இனி எடைக்கு அடுத்த கேள்வி. அந்த மீனைப் பிடிக்க எவ்வளவு பாடுபட்டார்கள்? ஒரு கற்பனைக் கணக்கு: ஒரு கடற்கரையில் 10 வள்ளங்கள் தலைக்கு 100 கிலோ பிடிக்கின்றன, மொத்தம் 1,000 கிலோ. சில வருடங்கள் கழித்து அங்கே 50 படகுகள் தலைக்கு 30 கிலோ பிடிக்கின்றன. மொத்தம் 1,500 கிலோ. அரசு ஏட்டில் மீன்பிடிப்பு ஒன்றரை மடங்கு உயர்ந்திருக்கிறது. ஒவ்வொரு படகுக்காரர் வீட்டிலும் வருமானம் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போயிருக்கிறது. முதல் பத்தியின் புதிர் பெரும்பாலும் இங்கேயே அவிழ்ந்துவிடுகிறது. படகின் எண்ணிக்கை, வலைத்த நேரம் ஆகியவற்றைச் சேர்த்து 'முயற்சி' என்றும், ஓர் அலகு முயற்சிக்குக் கிடைத்த மீனை 'முயற்சிவீதப் பிடிப்பு' என்றும் சொல்லலாம். கடலில் மீன் அடர்த்தி குறைந்தால் இந்த அளவும் குறையும் என்பது அடிப்படை எதிர்பார்ப்பு.

இதிலும் ஒரு பொறி உண்டு. 1950களில் இந்திய–நார்வே திட்டம் கொல்லத்தை அடுத்த நீண்டகரையில் விசைப்படகுகளை அறிமுகப்படுத்தியது. இறால் ஏற்றுமதி பெருகப் பெருக, அடுத்து வந்த பத்தாண்டுகளில் தூத்துக்குடி உட்பட எல்லாத் துறைமுகங்களுக்கும் விசைப்படகு இழுத்துச் செல்லும் வலையான இழுவைமடி பரவியது. அன்றைய விசைப்படகும் இன்றைய விசைப்படகும் ஏட்டில் 'ஒரு படகு'தான். ஆனால் இன்றையதில் எஞ்சினின் குதிரைத்திறன் பல மடங்கு. போன தடவை மீன் கிடைத்த இடத்துக்கு ஜிபிஎஸ் நேராகக் கொண்டுபோய்விடும். எதிரொலிக் கருவி அடியில் திரியும் கூட்டத்தைத் திரையில் காட்டும். படகுக்கு இவ்வளவு என்று பார்த்தால் பிடிப்பு மாறாதது போலத் தோன்றும். கருவி கூர்மையானதால் கடலின் இளைப்பு மறைந்திருக்கும். முயற்சியை எண்ணுவது மீனை எண்ணுவதைவிடச் சுலபம் என்று தோன்றுவது ஏமாற்று.

கடலுக்கு உள்ளேயே போய் எண்ணிப் பார்த்த தொழில் ஒன்று இந்தக் கரையில் நடந்திருக்கிறது: முத்துக்குளிப்பு. ஏரலுக்குப் பக்கத்தில் இருக்கும் கொற்கை, ஆற்று வண்டல் சேர்ந்து சேர்ந்து இன்று கடலைவிட்டு உள்ளே ஒதுங்கிக் கிடந்தாலும், கி.பி. முதல் நூற்றாண்டின் கிரேக்கக் கடற்பயணக் கையேடான பெரிப்ளஸ் அதை முத்துத்துறையாகவே குறிப்பிடுகிறது. முத்துச்சிப்பி மீனைப் போல ஓடாது. கரையிலிருந்து தள்ளி, கடலடியில் 'பார்' என்று அழைக்கப்படும் பாறைத் திட்டுகளில் ஒட்டிக்கொண்டிருக்கும். அதனால் எண்ணலாம். பிரிட்டிஷ் ஆட்சிக்காலத்தில் ஒவ்வொரு குளிப்புக்கும் முன்னால் பார்கள் சோதிக்கப்பட்டன. குளிகாரர்களை இறக்கி, குறிப்பிட்ட பரப்பில் எத்தனை சிப்பி என்று பார்த்து, மாதிரிச் சிப்பிகளை எடுத்து, அவற்றிலிருந்து கிடைத்த முத்துக்கு விலை மதித்து, குளிப்பு நடத்தினால் கட்டுபடியாகுமா என்று முடிவு செய்வார்கள். இலங்கைப் பக்கத்துப் பார்களை ஆராய 1902இல் வந்த உயிரியலாளர் வில்லியம் ஹெர்ட்மனின் உதவியாளராகத் தொடங்கிய ஜேம்ஸ் ஹார்னல், பின்னர் சென்னை மாகாண மீன்வளத் துறைக்கு வந்து, மன்னார் வளைகுடா முத்துக்குளிப்பைப் பற்றி விரிவாக எழுதி வைத்தார்.

இவ்வளவு துல்லியமாக எண்ணியும் எதிர்காலம் கைக்குச் சிக்கவில்லை. ஒரு வருடம் கோடிக்கணக்கில் குஞ்சுச் சிப்பி தென்பட்ட பார், அடுத்த சோதனையில் மணல் மூடி வெறுமையாகக் கிடக்கும். ஒரு சிப்பியைக்கூட எவரும் எடுக்காத இடைவெளிகளிலும் இது நடந்தது. காரணம் சிப்பியின் வாழ்க்கை முறை. முட்டையிலிருந்து வரும் இளவுயிரி இரண்டு மூன்று வாரம் நீரோட்டத்தின் போக்கில் மிதக்கும். பாறையில் விழுந்தால் பிழைக்கும், மணலில் விழுந்தால் சாகும். ஒட்டிப் பிழைத்ததையும் திருக்கையும் கிளாத்தியும் தின்னும். 1955 முதல் 1961 வரை தூத்துக்குடியில் தொடர்ந்து நடந்த முத்துக்குளிப்பே கடைசி வரிசை. அதற்குப் பிறகு பார்கள் குளிப்புக்குத் தகுந்தபடி நிறையவே இல்லை. 1973இல் அதே தூத்துக்குடியில் ஆய்வாளர்கள் சிப்பியை வளர்த்து முத்து விளைவித்துக் காட்டினார்கள். அது வேறு கதை. இருப்பை எண்ணுவது ஒன்று, வரப்போகும் தலைமுறையைக் கணிப்பது இன்னொன்று என்பதற்கு முத்துப் பார்களைவிட நல்ல சான்று கிடையாது. ஒவ்வோர் ஆண்டும் பிழைத்து வளர்ந்து பிடிக்கும் அளவுக்கு வரும் இளசுகளை மீன்வள அறிவியல் 'புதுவரவு' என்ற கணக்கில் எழுதும். எல்லாக் கணக்கிலும் அதிகம் சறுக்குகிற இடம் அது.

எவ்வளவு பிடித்தால் தாங்கும் என்பதை விளக்க ஆத்தூர் வெற்றிலைக் கொடிக்கால் உதவும். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற அந்த வெற்றிலை, தாமிரபரணியின் கடைசிப் பாசனப் பகுதியில் விளைவது. இலையைக் கிள்ளாமலே விட்டால் கீழிலைகள் முற்றிப் பழுத்து உதிரும்; விவசாயிக்கு எதுவும் இல்லை. கொழுந்தோடு சேர்த்து மொட்டையடித்தால் கொடி நலிந்து, அடுத்த கிள்ளுக்கு இலையே இருக்காது. இரண்டுக்கும் நடுவில், கொடியின் வேகத்துக்கு ஈடுகொடுத்துக் கிள்ளும் ஓர் அளவு இருக்கிறது; அந்த அளவில்தான் ஆண்டு முழுவதும் கூடுதல் இலை கிடைக்கும். மீனும் ஏறக்குறைய அப்படி. யாரும் பிடிக்காத கடலில் முதிய மீன்கள் நிறைந்திருக்கும். இரைக்குப் போட்டி கடுமை. பிறப்பதும் இறப்பதும் சமமாகிக் கூட்டம் பெருகாமல் நிற்கும். கொஞ்சம் பிடித்ததும் நெரிசல் குறைந்து, மிஞ்சியவை வேகமாக வளரும். மேலும் மேலும் பிடித்தால் முட்டையிடத் தாய்மீன் போதாது. கூட்டம் மிக வேகமாகப் பெருகும் நிலையில், அந்தப் பெருக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்வது 'நீடித்த உச்சப் பிடிப்பு'. பொதுவாகக் கூட்டம் தன் ஆதி அளவில் பாதியாகவோ அதற்கும் குறைவாகவோ இருக்கும்போது இந்த நிலை வரும்.

இது வெறும் காகிதக் கற்பனை அல்ல என்பதற்கு எதிர்பாராத ஒரு சோதனை சாட்சி. இரண்டு உலகப் போர்களின்போதும் ஐரோப்பாவின் வடகடலில் கண்ணிவெடிக்கும் நீர்மூழ்கிக்கும் அஞ்சி மீன்பிடிப்பு பெருமளவு நின்றது. போர் முடிந்து படகுகள் திரும்பியபோது ஒவ்வொரு படகுக்கும் பழையதைவிட அதிக மீன், அதுவும் பெரிய மீன், கிடைத்தது. சில ஆண்டுகளில் எல்லாம் பழையபடி இளைத்தது. கடலில் மீன் வற்றாது என்று பத்தொன்பதாம் நூற்றாண்டில் பெரிய அறிஞர்களே நம்பியிருந்தார்கள். மனிதன் பிடிப்பதும் விடுவதும் கடலின் இருப்பை மாற்றுகிறது என்பதை ஆய்வகம் நிறுவுவதற்கு முன்னால் போர் நிறுவிவிட்டது.

கொடிக்காலில் இலை கண்ணுக்குத் தெரியும்; முற்றியதா கொழுந்தா என்று கிள்ளும் கைக்குத் தெரியும். மீனுக்கு வயது பார்ப்பது எப்படி? மீனின் மண்டைக்குள் சமநிலைக்கும் கேட்டலுக்கும் உதவும் சிறு சுண்ணாம்புக் கற்கள் உண்டு, செவிக்கல் எனலாம். குளிர்நாட்டுக் கடலில் கோடையில் மீன் வேகமாகவும் குளிர்காலத்தில் மெதுவாகவும் வளர்வதால், செவிக்கல்லை அறுத்துப் பார்த்தால் ஆண்டுக்கு ஒன்றாக வளையங்கள் தெரியும். மன்னார் வளைகுடாவில் அந்த வசதி குறைவு. ஆண்டு முழுக்க வெதுவெதுப்பான கடலில் ஆண்டு வளையம் தெளிவாக விழாது. நாளுக்கு ஒன்றாக நுண்ணிய வளையங்கள் உண்டு என்பது 1971இல் கண்டறியப்பட்டது. அவற்றை எண்ணவும் நுண்ணோக்கியும் பொறுமையும் வேண்டும்.

எனவே வெப்பக் கடல்களில் நீளத்தையே வயதுக்குப் பதிலியாகக் கொள்கிறார்கள். இறங்கு தளத்தில் ஒரே வகை மீனில் நூற்றுக்கணக்கானவற்றை அளந்து, எந்த நீளத்தில் எத்தனை என்று வரைந்தால் மேடும் பள்ளமுமாக ஒரு படம் கிடைக்கும். ஒவ்வொரு மேடும் ஏறத்தாழ ஒரே காலத்தில் பிறந்த ஒரு கூட்டம். அடுத்த மாதம் அளந்தால் அந்த மேடு வலப்பக்கம் கொஞ்சம் நகர்ந்திருக்கும். நகர்ந்த தூரமே வளர்ச்சி. மேடு நகர நகரத் தாழ்ந்துகொண்டும் போகும், தாழ்வுதான் சாவு. இந்தப் படங்களிலிருந்து வளர்ச்சியையும் சாவையும் பிரித்தெடுக்க 1980களின் தொடக்கத்தில் மீன்வள அறிவியலாளர் டேனியல் பாலி கணினி முறையை வகுத்துத் தந்தார். அது வெப்பமண்டல நாடுகளின் மீன்வளத் துறைகளுக்கெல்லாம் கைக்கருவியானது. மொத்தச் சாவிலிருந்து நோய், முதுமை, பிற மீன் தின்றது ஆகிய இயற்கைச் சாவைக் கழித்தால் வலையில் சிக்கிச் செத்த பங்கு தெரியும். அது மொத்தத்தில் பாதியைத் தாண்டினால் எச்சரிக்கை என்பது நெடுநாள் புழங்கிய பொதுவிதி. கடலுக்குள் இறங்காமல், கரையில் நின்று அளவுகோலால் கடலின் உடல்நிலையைப் பார்க்கும் இந்த வித்தையை மீன்வள அறிவியலின் மிக அழகான பகுதி என்று சொல்லலாம்.

நீளப் படம் இரண்டு விதமான மிகைப்பிடிப்பைக் காட்டிக்கொடுக்கும். ஒன்று, வளர விடாமல் பிடிப்பது. கடலில் இன்னும் ஆறு மாதம் இருந்தால் பல மடங்கு எடை கூடியிருக்கும் மீனைக் குஞ்சாக அள்ளிவிடுவது. இழுவைமடியின் அடியில் சேர்ந்து வரும் பொடிமீனுக்குக் கரையில் 'சங்காயம்' என்று பெயர். கோழித் தீவனத்துக்கும் மீன்தூள் ஆலைக்கும் போகும் இந்தக் குவியலைக் கிளறினால், வளர்ந்திருந்தால் நல்ல விலைக்குப் போயிருக்கக்கூடிய விளைமீனின், பாறையின் குஞ்சுகள் இருக்கும். மடியின் கண்ணியைப் பெரிதாக்கு என்பது இதற்குச் சொல்லப்படும் மருந்து. அதில் ஒரு நுணுக்கம். வழக்கமான சாய்சதுரக் கண்ணி இழுவையின் இறுக்கத்தில் நீண்டு மூடிக்கொள்ளும். ஏட்டில் எழுதிய அளவு நீரில் இருக்காது. அதையே சதுரமாகத் திருப்பி அமைத்தால் இழுக்கும்போதும் திறந்தபடி இருக்கும், பொடி தப்பும். கொச்சியிலுள்ள மத்திய மீன்பிடித் தொழில்நுட்ப நிறுவனம் இதை ஆராய்ந்து பரிந்துரைத்திருக்கிறது. சட்டம் எழுதுவது எளிது. நடுக்கடலில் கண்ணியை அளந்து பார்ப்பது யார்?

இரண்டாவது, பெருக விடாமல் பிடிப்பது. தாய்மீன்களே அருகிப்போவது. காரல் போன்ற சிறுமீன் ஓராண்டுக்குள் முட்டையிட்டுவிடும். எத்தனை பிடித்தாலும் ஓரளவு எழுந்துவிடும். களவா அப்படியல்ல. மெதுவாக வளரும், பல ஆண்டுகள் வாழும், களவா இனங்களில் பெரும்பாலானவை பெண்ணாகப் பிறந்து பெரிதான பிறகே ஆணாக மாறும். பெரிய களவாவாகப் பார்த்துப் பிடித்தால் கூட்டத்தில் ஆணே இல்லாமல் போகும். ஒரே வலையில் காரலும் களவாவும் ஏறும் கடலில், காரலுக்குத் தாங்கும் அளவே களவாவுக்கு எமனாகிறது. நீடித்த உச்சப் பிடிப்பு என்ற கருத்தின் பெரிய பலவீனமும் அதுதான். ஒற்றை இனத்துக்காகப் பிறந்த கணக்கு அது. தமிழ்நாட்டு மடியில் ஒரே இழுவையில் பல டஜன் இனங்கள் ஏறுகின்றன.

கூட்டமாகத் திரியும் மீன்கள் கணக்கை வேறு விதமாக ஏமாற்றும். கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து கரையில் காட் மீன் சரிந்துகொண்டிருந்தபோதும் வணிகப் படகுகளின் முயற்சிவீதப் பிடிப்பு நன்றாகவே இருந்தது. எஞ்சிய மீன்கள் நெருங்கி ஓரிடத்தில் சேர்ந்தன; படகுகளும் அங்கேயே போயின. 1992இல் அரசு மீன்பிடிப்பையே நிறுத்த வேண்டியதானது; பல்லாயிரம் பேர் வேலை இழந்தார்கள். இந்தியாவில் இதற்கு நெருக்கமான பாடம், மத்தி என்று கேரளமும் பேச்சாளை என்று தமிழ்நாடும் அழைக்கும் எண்ணெய்ச் சாளை. கேரளத்தில் 2012இல் ஏறத்தாழ 3.9 லட்சம் டன் இறங்கிய இந்த மீன், 2021இல் வெறும் 3,297 டன்னாகச் சுருங்கியது. மறு ஆண்டே ஒரு லட்சம் டன் அளவுக்கு எழுந்தது. எல் நினோ காலத்து வெப்பமும் இரைப் பற்றாக்குறையும், குஞ்சு மத்தியை அள்ளியதும் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. எதற்கு எவ்வளவு பங்கு என்பதில்தான் வாதம். கூட்டத்தை முழுசாக வளைத்து அடியில் சுருக்கும் சுருக்குமடிக்குத் தமிழ்நாடு 2000இலேயே தடை விதித்ததற்கு மீன் கூட்டமாகத் திரியும் இந்த இயல்பும் ஒரு காரணம். 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் 12 கடல்மைலுக்கு அப்பால், திங்களும் வியாழனும், காலை 8 முதல் மாலை 6 வரை மட்டும் என்று நிபந்தனைகளோடு இடைக்கால அனுமதி கொடுத்தது.

தமிழ்நாட்டில் முயற்சியைக் கட்டுப்படுத்தும் முதன்மைச் சட்டம் 1983ஆம் ஆண்டின் கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம். கரையிலிருந்து 3 கடல்மைல் வரை நாட்டுப்படகுக்கு ஒதுக்கி, விசைப்படகு அதற்கு அப்பால்தான் தொழில் செய்ய வேண்டும் என்றது அது. 2001இல் தடைக்காலம் வந்தது. முதலில் 45 நாள், 2017 முதல் 61 நாள். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கட்டிப்போடப்படும். மேற்குக் கரைக்கு ஜூன், ஜூலை. மீன் முட்டையிடும் பருவம் என்பதே இதற்குச் சொல்லப்படும் காரணம். உண்மையில் வெப்பக் கடலில் ஒவ்வோர் இனமும் ஒவ்வொரு மாதத்தில், பலவும் பல மாதம் நீட்டி முட்டையிடும். இரண்டு மாதத்துக்குள் எல்லாம் அடங்காது. தடைக்காலத்தின் பலனை வேறொரு வழியில் பார்ப்பது பொருத்தம். ஆண்டு முயற்சியில் ஆறில் ஒரு பங்கு கழிகிறது. குஞ்சுகளுக்கு இரண்டு மாதம் வளர அவகாசம் கிடைக்கிறது. ஜூன் நடுவில் திரும்பும் படகுகள் நிறையக் கொண்டுவருவது இதனால்தான். போருக்குப் பிந்தைய வடகடலின் குட்டிப் பதிப்பு அது. பெருக்கம் சில வாரங்களில் கரைந்துவிடுவதும் அதே போலத்தான். மிச்சமுள்ள பத்து மாதத்தில் குதிரைத்திறன் கூடிக்கொண்டே போனால் அந்த ஆறில் ஒரு பங்கும் சத்தமில்லாமல் ஈடாகிவிடும்.

இவ்வளவு அளவீடுகளையும் சேர்த்து மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் 2022ஆம் ஆண்டுக்கு ஒரு நிலையறிக்கை கொடுத்தது. வெவ்வேறு வட்டாரங்களில் ஆராய்ந்த 135 மீன் இருப்புகளில் 91.1 விழுக்காடு நல்ல நிலையில் இருப்பதாக அது கூறியது. உலக அளவில் 2021இல் 37.7 விழுக்காடு இருப்புகள் மிகைப்பிடிப்புக்கு ஆளானவை என்பது ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் கணக்கு. இந்திய எண் ஆறுதலானது. ஆனால் அது எதன் எண் என்பதையும் பார்க்க வேண்டும். இன்றைய கூட்டம் இன்றைய பிடிப்பைத் தாங்குமா என்ற கேள்விக்கான விடை அது. ஐம்பது ஆண்டுக்கு முன் இருந்த அளவுக்கு இருக்கிறதா என்ற கேள்விக்கு அதில் விடை தேடக் கூடாது. ஒவ்வொரு தலைமுறையும் தான் தொழிலுக்கு வந்த காலத்துக் கடலையே இயல்பான கடல் என்று எடுத்துக்கொள்கிறது என்று பாலி 1995இல் எழுதினார். ஆய்வாளர்களையும் சேர்த்துத்தான் சொன்னார். 1998இல் அவரும் சகாக்களும் வெளியிட்ட ஆய்வு, உலகம் முழுவதும் பிடிபடும் மீன் மெல்ல மெல்ல உணவுச் சங்கிலியின் கீழ்ப்படிக்கு இறங்கி வருவதைக் காட்டியது. வஞ்சிரமும் களவாவும் குறைய, அவற்றின் இரையான சிறுமீன் பெருகி, அதையும் அள்ளினால், மொத்த எடை குறையாமலே கடல் மாறிவிடும்.

எடைக் கணக்கில் வராத இன்னொன்று கடலடித் தரை. ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே 21 தீவுகளைச் சுற்றி 560 சதுர கிலோமீட்டர் கடல் 1986 முதல் தேசியப் பூங்கா. குஞ்சுமீன் ஒளிந்து வளரும் பவளத்திட்டும் கடற்புல்லும் அங்கேதான். சுண்ணாம்புக் காளவாய்க்காக நெடுங்காலம் பவளக்கல் வெட்டி எடுக்கப்பட்டது. அந்த 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி என்ற இரண்டும் இப்போது நீருக்கு அடியில். தூத்துக்குடிக்கு எதிரே சுருங்கிக்கொண்டிருந்த வான் தீவைக் காக்கச் செயற்கைப் பவளத்திட்டுகள் இறக்கப்பட்டிருக்கின்றன.

தரையைப் போலவே ஆறும். வெள்ளை இறால் கடலில் முட்டையிடும்; இளவுயிரி இரண்டு வாரம் போல மிதந்து உருமாறி, முகத்துவாரத்துக்குள் ஏறி, உப்பும் நன்னீரும் கலந்த கழிமுகத்தில் சில மாதம் வளர்ந்து, மறுபடி கடலுக்கு இறங்கும். மடவையும் பால் கெண்டையும் இளமையில் இப்படிக் கழிமுகத்தை நாடுபவையே. தாமிரபரணியில் கோடைமேலழகியான் தொடங்கி எட்டு அணைக்கட்டுகள். கடைசியான ஸ்ரீவைகுண்டம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கட்டப்பட்டது. அதைத் தாண்டி ஏரல் வழியாகப் புன்னைக்காயலுக்குப் போவது, பாசனத்துக்கும் குடிநீருக்கும் எடுத்த பிறகு மிஞ்சிய நீர். அதைக் 'கடலில் வீணாகக் கலக்கும் நீர்' என்றே வழக்கமாகச் சொல்கிறார்கள். வெள்ளக் காலத்து உபரியைக் கன்னடியன் அணைக்கட்டிலிருந்து திருப்பிக் கருமேனியாறு, நம்பியாறுகளோடு இணைக்கும் திட்டம் 2009இல் தொடங்கப்பட்டது. சாத்தான்குளம், திசையன்விளைப் பக்கத்து வறண்ட நிலங்களுக்கு அந்தத் தண்ணீர் தேவை என்பதில் ஐயமில்லை. ஆனால் வீண் என்ற சொல்லை மீன்வள அறிவியல் ஒப்புக்கொள்ளாது. ஆஸ்திரேலியாவின் கார்பென்டேரியா வளைகுடாவில் 1980களில் நடந்த ஆய்வுகள், மழை மிகுந்த ஆண்டுகளில் ஆற்று வெள்ளம் இளம் இறாலைக் கழிமுகத்திலிருந்து கடலுக்குத் தள்ளுவதையும், அந்த ஆண்டுகளில் கடலில் இறால் பிடிப்பு உயர்வதையும் காட்டின. அங்கே மழையளவை வைத்தே அந்த ஆண்டின் இறால் பிடிப்பை முன்கூட்டிக் கணிக்கிறார்கள்.